எந்த வெல்டிங் மெஷின் வாங்கலாம் என்று கேட்ட பிள்ளைகளுக்கு



போன ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடி மல்லிகைத் தொட்டிகளுக்கு நானே செய்த இரும்பு ஸ்டாண்டைப் படம் எடுத்துப் போட்டிருந்தேன். என் பிறந்தநாளுக்குக்கூட இவ்வளவு பேர் எழுதியதில்லை. "சார், நீங்களா வெல்டிங் வைத்தீர்கள்?" என்று நம்பாமல் கேட்டவர்கள் பாதி. "நானும் வீட்டில் ஒரு மெஷின் வாங்கிப் போடலாம் என்றிருக்கிறேன், எது நல்லது?" என்று கேட்டவர்கள் மீதி. என் மைத்துனர் மகன் ஆன்லைனில் பார்த்த நான்கு மெஷின்களின் படத்தை அனுப்பி, "மாமா, 200 வாங்கவா, 300 வாங்கவா?" என்று கேட்டிருக்கிறான். தனித்தனியாகப் பதில் எழுதினால் ஒருவருக்குச் சொன்னது இன்னொருவருக்கு விட்டுப்போகும். அதனால் ஒரு பீரியடு எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். பொறுமையாகப் படியுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் வெல்டிங் பழகுவது நல்ல விஷயம். ரிட்டயர் ஆனவர்கள், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள், பெண்கள், யார் வேண்டுமானாலும் பழகலாம். ஆனால் மெஷினைக் கடைசியாக வாங்குங்கள். கண்ணுக்கும் கைக்கும் வீட்டு ஒயரிங்குக்கும் முதலில் செலவு செய்யுங்கள். அடுத்தது, மனுஷர் ஏறுகிற, உட்காருகிற, சாய்கிற எந்தப் பொருளையும் நீங்களாகப் பற்றவைக்காதீர்கள். இந்த இரண்டாவது பேச்சு உங்களில் சிலருக்குப் பிடிக்காது. ஏன் சொல்கிறேன் என்பதற்கு ஒரு ஊஞ்சல் கதை இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் இதில் எப்படி விழுந்தேன் என்றால், 2017-இல் ரிட்டயர் ஆன பிறகு பழைய மாருதி 800-ஐ விற்றுவிட்டேன். கார் ஷெட் சும்மா கிடந்தது. அந்தச் சமயத்தில் கொசுவலை ஜன்னலின் இரும்புச் சட்டம் ஒரு மூலையில் விட்டுப்போனது. ஒரே ஒரு இடத்தில் பற்றவைக்க வேண்டும். இவ்வளவு சின்ன வேலைக்கு யார் வருவார்கள்? சட்டத்தைக் கழற்றி ஸ்கூட்டரில் வைத்துக் கட்டிக்கொண்டு பட்டறை பட்டறையாக அலைந்தேன். மூன்றாவது பட்டறையில் முகத்தில் இருந்த ஷீல்டைத் தூக்கிக்கொண்டு ஒருவர் எழுந்து வந்து, "சார், என்னைத் தெரியுதா?" என்றார். 1996-இல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர். தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கே 'தம்பி' என்றே எழுதுகிறேன். எனக்கு வெல்டிங் கற்றுக்கொடுத்த வாத்தியார் அவர்தான்.

இனி மெஷினுக்கு வருகிறேன்.

கடைக்குப் போனால் மூன்று வகை காட்டுவார்கள். ராடு வைத்துப் பற்றவைப்பது ஒன்று. கம்பிச் சுருள் தானாக ஓடி வந்து உருகும் 'மிக்' ஒன்று. சிலிண்டர் கேஸை வைத்து நுணுக்கமாகச் செய்யும் 'டிக்' ஒன்று. மிக்குக்குப் பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வேண்டும். டிக்குக்கு ஆர்கான் சிலிண்டர் வேண்டும். வீட்டு ஷெட்டில், அதுவும் கதவில்லாத ஷெட்டில், காற்று அடித்தால் அந்த கேஸ் கலைந்துவிடும், வேலை கெட்டுவிடும். முதன்முதலில் பழகுகிறவருக்கு ராடுதான் சரி. ராடின் மேல் இருக்கும் பூச்சு எரிந்து புகையாகவும் கசடாகவும் மாறி, உருகிய இரும்பைக் காற்றுப் படாமல் மூடிக் காக்கிறது. சுவீடன்காரர் ஆஸ்கர் ஷெல்பெரி 1907-இல் காப்புரிமைக்குப் பதிவு செய்த யோசனை இது. இன்றைக்கும் நம் தெருவில் கேட்டுக்கு வெல்டிங் வைக்கிறவர் அதைத்தான் பயன்படுத்துகிறார்.

நீங்கள் சின்ன வயதில் பட்டறையில் பார்த்த மெஷின் இரண்டு பேர் சேர்ந்து தள்ளும் கனமான பெட்டி. உள்ளே பெரிய இரும்பு மையமும் சுருளுமாக ஒரு டிரான்ஸ்ஃபார்மர். இப்போது வருவது இன்வெர்ட்டர் மெஷின். வீட்டுக்கு வரும் கரண்டு நொடிக்கு 50 சுற்று. இந்த மெஷின் அதை முதலில் நேர் மின்சாரமாக்கி, பிறகு நொடிக்குப் பல்லாயிரம் சுற்றாக மாற்றுகிறது. சுற்று கூடினால் சின்ன டிரான்ஸ்ஃபார்மரே போதும். அதனால்தான் டிபன் கேரியர் பையைப் போல் ஒரு கையில் தூக்க முடிகிறது. வீட்டுக்கு இதுதான் பொருத்தம், சந்தேகமே வேண்டாம். ஆனால் இதற்குத் தூசி ஆகாது. பக்கத்திலேயே கிரைண்டர் ஓட்டினால் இரும்புப் பொடியை ஃபேன் உள்ளே இழுத்துக்கொள்ளும். மெஷினைத் தள்ளி வையுங்கள்.

இப்போது மைத்துனர் மகன் கேட்ட 200-ஆ, 300-ஆ? இந்த நம்பரைப் பார்த்து மயங்காதே தம்பி. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 80 ஆம்பியரில் பற்றவைக்கும்போது ஆர்க்கில் ஏறக்குறைய 23 வோல்ட் இருக்கும். 80 பெருக்கல் 23, அதாவது 1,840 வாட். மெஷினுக்குள் வீணாவதையும் சேர்த்தால், விலை குறைந்த இன்வெர்ட்டர் அதற்கு வீட்டு லைனிலிருந்து 14 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். 15 ஆம்பியர் பவர் பிளக்கில் அத்தோடு சரி. நிஜமாகவே 200 ஆம்பியர் வேண்டுமென்றால் லைனிலிருந்து 40 ஆம்பியருக்குக் குறையாமல் வேண்டும். அது நம் வீட்டு ஒயரில் வராது, வரவும் கூடாது. ஆக, பெட்டியில் 300 என்று போட்டிருந்தாலும் உன் வீட்டில் அது 90-தான். நமக்கு வேண்டியதும் அவ்வளவுதான். 2.5 மில்லிமீட்டர் ராடுக்கு 60-இலிருந்து 90 ஆம்பியர் போதும். தொட்டி ஸ்டாண்டு, செருப்பு ஸ்டாண்டு, கொசுவலைச் சட்டம் எல்லாம் அதில் முடிந்துவிடும்.

நம்பரைவிட நீங்கள் பார்க்க வேண்டியது மெஷினின் பின்பக்கத் தகட்டில் இருக்கும் 'டூட்டி சைக்கிள்'. 60 சதவீதம் என்றால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் பற்றவைக்கலாம், நான்கு நிமிடம் ஆற விட வேண்டும் என்று பொருள். அது எத்தனை ஆம்பியரில் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அடுத்து, கூடவே தரும் கேபிளையும் ஹோல்டரையும் கையில் எடுத்துப் பாருங்கள். விலை குறைந்த மெஷினில் முதலில் கைவைப்பது அங்கேதான். ஒல்லிக் கேபிள் ஐந்து நிமிடத்தில் சூடாகும். கடைசியாக, ரிப்பேர் என்றால் நம் ஊரில் யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லத் தெரிந்த கடையில் ஐந்நூறு ரூபாய் அதிகம் கொடுத்து வாங்குவது புத்திசாலித்தனம்.

ராடு வாங்கும்போது 6013 என்று கேளுங்கள். பழகுகிறவருக்கு அதுதான் இணக்கமான ராடு. பாக்கெட்டில் ஐ.எஸ். 814 என்ற இந்தியத் தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பாக்கெட்டைத் திறந்து போட்டால் பூச்சு ஈரம் வாங்கி, பற்றவைக்கும்போது படபடவென்று தெறிக்கும். மூடி இறுகிய டப்பாவில் வையுங்கள்.

அடுத்து ஒயரிங். ஷெட்டில் இருக்கும் பிளக் பாயிண்டுக்கு மெயினிலிருந்து எந்த அளவு ஒயர் வருகிறது, எர்த் நிஜமாகவே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் மூன்றாவது துளை இருந்தது, அதற்குப் பின்னால் ஒயர் இல்லை! இருபது வருஷமாக யாருக்கும் தெரியாது. தனி எம்.சி.பி. போட்டு, தனி லைன் இழுத்த பிறகுதான் நான் மெஷினையே வாங்கினேன்.

இதில் ஒரு குழப்பம் எல்லோருக்கும் இருக்கிறது. வேலைப்பொருளில் கவ்விவிடும் கிளாம்பையும் 'எர்த்' என்றுதான் பட்டறையில் சொல்வார்கள். அது நம்மைக் காக்கும் எர்த் இல்லை. கரண்டு மெஷினுக்குத் திரும்பிப் போகும் வழி அது. அதனால் அதை வேலைப்பொருளிலேயே, பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும். வசதியாக இருக்கிறது என்று வாசல் கேட்டில் மாட்டிவிட்டு வேறெங்கோ வேலை பார்க்கக் கூடாது. இன்னொன்று. வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறது, ஷாக் அடித்தால் தானாக விழுந்துவிடும் என்று தைரியமாக இருக்காதீர்கள். ஹோல்டர் பக்கம் அடிக்கும் ஷாக்குக்கு அது விழாது. பற்றவைக்காமல் சும்மா இருக்கும்போது ராடு முனையில் 60, 70 வோல்ட் இருக்கும். காய்ந்த கையில் அது பெரிதாகத் தெரியாது. நம் மதுரை வெயிலில், சட்டை நனைந்து, கையுறைக்குள் வியர்வை ஊறி, ஈரத்தரையில் நின்றால் கதை வேறு. சித்திரை, வைகாசியில் நான் காலை ஒன்பது மணிக்கு மேல் ஹோல்டரைத் தொடுவதில்லை. பேஸ்மேக்கர் வைத்திருக்கும் என் வயது நண்பர்கள் டாக்டரைக் கேட்காமல் ஓடும் மெஷினுக்குப் பக்கத்திலேயே வர வேண்டாம்.

இனி கண். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பழக ஆரம்பித்த இரண்டாவது வாரம், ஒரு சட்டத்தின் நான்கு மூலையிலும் டாக் வைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் ஷீல்டை எடுத்துப் பிடிக்கச் சோம்பல். "ஒரு நொடிதானே" என்று கண்ணை மூடிக்கொண்டு வைத்தேன். மூடியதாகத்தான் நினைப்பு. அப்போது ஒன்றும் தெரியவில்லை. சாப்பிட்டேன், செய்தி பார்த்தேன், படுத்துவிட்டேன். இரவு ஒரு மணிக்குக் கண்ணில் மணலை அள்ளிப் போட்டு அரைத்த மாதிரி வலி. கண்ணைத் திறக்க முடியவில்லை, தண்ணீர் கொட்டுகிறது. என் மனைவி பயந்துபோய், "ஏங்க, கண்ணு போயிடுச்சா?" என்று அழ ஆரம்பித்துவிட்டார். மறுநாள் கண் டாக்டர்தான் விளக்கினார். ஆர்க்கிலிருந்து வரும் புற ஊதாக் கதிர் விழிப்படலத்தை வேக வைத்துவிடுகிறது. வலி உடனே வராது, ஆறு மணி முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் வரும். பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். ஆனால் திரும்பத் திரும்பப் படக் கூடாது.

பட்டறையில் இதற்கு ஆளுக்கொரு வைத்தியம் வைத்திருக்கிறார்கள். தாய்ப்பால் விடுவார்கள், உருளைக்கிழங்கை வெட்டி வைப்பார்கள், மெடிக்கலில் மரத்துப்போகும் சொட்டு மருந்தை வாங்கி ஊற்றிக்கொள்வார்கள். அந்தச் சொட்டு மருந்தைத் தானாகத் தொடர்ந்து விட்டால் விழிப்படலமே புண்ணாகும். நாம் இருப்பது எந்த ஊரில்? டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வுபெற்ற பிறகு 1976-இல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை நம் பக்கத்து அண்ணா நகரில் இருக்கிறது. அவ்வளவு பக்கத்தில் கண் மருத்துவத்தை வைத்துக்கொண்டு உருளைக்கிழங்கு எதற்கு?

அதனால் முதல் செலவு கண்ணுக்கு. 10 அல்லது 11 என்று நம்பர் போட்ட கறுப்புக் கண்ணாடி உள்ள ஹெல்மெட். ஆர்க் பிடித்த கணத்தில் தானாகக் கறுக்கும் ஹெல்மெட் இப்போது கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிறது. அதை வாங்கினால் என்னைப் போல் சோம்பலுக்கு இடமில்லை. இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். கூலிங் கிளாஸ் இதற்கு உதவாது. கூடவே, தெருவில் போகிறவர்களின் கண்ணும் உங்கள் பொறுப்பு. வெளிச்சம் வந்தால் பிள்ளைகள் ஓடி வந்து நிற்கும். நாற்பது வருஷம் பிள்ளைகளோடு இருந்தவன் சொல்கிறேன், "பார்க்காதே" என்று சொன்னால் கூடுதலாகப் பார்ப்பார்கள். நான் ஷெட் வாசலில் ஒரு தகரத் தட்டியை வைத்து மறைத்துவிட்டுத்தான் மெஷினையே போடுவேன்.

புகையையும் லேசாக நினைக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017-இல் வெல்டிங் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியானவற்றின் முதல் பட்டியலில் சேர்த்தது. வாரத்துக்கு ஒரு மணி நேரம் செய்கிற நமக்கும், தினம் எட்டு மணி நேரம் அதிலேயே இருப்பவருக்கும் ஆபத்து ஒன்றல்ல. ஆனாலும் திறந்த இடத்தில், காற்று பக்கவாட்டில் போகும்படி நின்று, முகத்தைப் புகைக்கு மேலே கொண்டுபோகாமல் செய்யுங்கள். துத்தநாகப் பூச்சுள்ள ஜி.ஐ. பைப்பைப் பற்றவைத்தால் அன்று இரவு குளிர்காய்ச்சல் மாதிரி நடுக்கம் வரும். பாலும் வெல்லமும் சாப்பிட்டால் சரியாகும் என்பார்கள். வயிற்றுக்குப் போகிற பால் நுரையீரலுக்கு என்ன செய்யும்? பூச்சைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். அதைவிட நல்லது, பூச்சில்லாத எம்.எஸ். பைப்பையே வாங்குவது.

நம் வீட்டு ஷெட்டுகளில் என்னென்ன இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பெட்ரோலோடு நிற்கும் ஸ்கூட்டி, மாடிப்படிக்கு அடியில் ஸ்பேர் கேஸ் சிலிண்டர், பழைய பேப்பர் கட்டு, பெயிண்ட் தின்னர். பொறி 35 அடி தூரம் வரை போகும் என்று வைத்துக்கொண்டுதான் தொழிற்சாலைகளில் இடத்தைச் சுத்தம் செய்கிறார்கள். எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். ஒரு வாளி மணல், ஒரு வாளி தண்ணீர் வையுங்கள். மெஷின் கரண்டில் இருக்கும்வரை தண்ணீரை எடுத்து ஊற்றாதீர்கள், சுவிட்சை அணைத்த பிறகுதான். வேலை முடிந்து அரைமணி நேரமாவது அங்கேயே உட்கார்ந்திருங்கள். பெட்ரோல், எண்ணெய், பெயிண்ட் இருந்த டின்னையோ டேங்க்கையோ காலியாக இருக்கிறது என்று நம்பி ஒருநாளும் பற்றவைக்காதீர்கள். காலியான டின்னுக்குள் இருக்கும் ஆவிதான் வெடிக்கிறது. உடுப்பு, முழுக்கை பருத்திச் சட்டை, பேண்ட், மூடிய ஷூ, தோல் கையுறை. கைலியும் ரப்பர் செருப்பும் கூடாது. பாலியஸ்டர் சட்டை உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

கிரைண்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கையளவு நான்கு இன்ச் கிரைண்டர் நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்று வரை சுற்றும். அதன் கார்டைக் கழற்றிவிட்டு ஓட்டுவது நம் ஊர் வழக்கமாகிவிட்டது. வீல் உடைந்து தெறித்தால் முதலில் சந்திப்பது உங்கள் முகத்தைத்தான். கார்டு இருக்கட்டும், வெள்ளைக் கண்ணாடி கண்ணில் இருக்கட்டும், வீலின் நடு வளையத்தில் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியைப் பாருங்கள்.

எனக்குச் செலவானதையும் சொல்கிறேன். தனி லைனுக்கும், ஹெல்மெட், கையுறை, ஷூ, ஏப்ரனுக்கும் சேர்த்துக் கொடுத்தது மெஷினுக்குக் கொடுத்ததைவிடக் கொஞ்சம் அதிகம். அதுதான் சரியான விகிதம் என்பது என் கருத்து.

பழகுவது எப்படி? நான் உங்களுக்கு இரட்டைக் கோடு நோட்டுப் போட்டது ஞாபகம் இருக்கிறதா? அதேதான். தம்பி முதல் நாள் என்னிடம் ஒரு பட்டைத் துண்டையும் சாக்பீஸையும் கொடுத்தார். "கோடு போடுங்க சார், கோட்டு மேலயே ராட ஓட்டுங்க. ஒரு பாக்கெட் தீர்ற வரைக்கும் எதையும் எதோடயும் சேர்க்காதீங்க" என்றார். முதலில் ராடு ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் வராது. பயப்படாமல் ஹோல்டரைத் தளர்த்தி விட்டுவிட வேண்டும். ராடுக்கும் இரும்புக்கும் நடுவே ராடின் கனம் அளவுக்கு இடைவெளி. வடைச்சட்டியில் எண்ணெய் பொரிகிற மாதிரி ஒரே சீரான சத்தம் கேட்டால் சரியாகப் போகிறது. கசடைத் தட்டி எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். மெல்லிய ஸ்கொயர் பைப்பில் ஒரே இடத்தில் நின்றால் ஓட்டை விழும், ஓடினால் பிடிக்காது. இது புத்தகத்தில் வராது. கை பழக வேண்டும்.

இப்போது ஊஞ்சல்.

ஆறு மாதம் பழகியதும் எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. சென்னையிலிருந்து பேத்தி மே லீவுக்கு வருகிறாள். ஒன்றரை இன்ச் ஸ்கொயர் பைப் வாங்கி, இரண்டு பக்கமும் கால் விரித்து, மேலே குறுக்குப் பைப், அதில் சங்கிலி மாட்டப் பட்டைக் கொக்கி என்று ஊஞ்சல் ஸ்டாண்டு செய்தேன். கிரைண்டர் போட்டு மழுக்கி, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே நீலப் பெயிண்ட். கடையில் வாங்கியது போலவே இருந்தது. பேத்தி வருவதற்கு முந்தின நாள் பெருமை காட்டுவதற்காகத் தம்பியைக் கூப்பிட்டேன்.

சுற்றி வந்து பார்த்தார். "சார், கோவிச்சுக்க மாட்டீங்களே?" என்று கேட்டுவிட்டு, பையிலிருந்து சுத்தியலை எடுத்தார். கொக்கியில் பக்கவாட்டில் அடித்தார். ஒன்று, இரண்டு. மூன்றாவது அடியில் கொக்கி முழுசாகக் கையில் வந்துவிட்டது. அடியில் பைப்பின் முகம் வழவழவென்று அப்படியே இருந்தது. என் வெல்டிங் அதன் மேல் மெழுகு சொட்டிய மாதிரி உட்கார்ந்திருந்ததே தவிர உள்ளே இறங்கவே இல்லை. பைப் ஓட்டையாகிவிடுமோ என்று பயந்து ஆம்பியரைக் குறைத்து, வேகமாக ஓட்டியிருக்கிறேன். இரும்பு உருக 1,538 டிகிரி செல்சியஸ் வேண்டும். ராடு உருகியது, பைப் உருகவில்லை. "ஒட்டியிருக்கு சார், சேரல" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அந்தக் கொக்கிக்குக் கீழே மறுநாள் சாயங்காலம் என் ஏழு வயதுப் பேத்தி ஆடியிருப்பாள். நான் பின்னால் நின்று வேகமாகத் தள்ளியிருப்பேன்.

தப்பான விடையை மணிமணியான கையெழுத்தில் எழுதி வைக்கும் பிள்ளைகளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அதைத்தான் நானும் செய்திருந்தேன். கிரைண்டரும் பெயிண்டும் எந்த வெல்டிங்கையும் அழகாகக் காட்டிவிடும். அதனால் இன்றைக்கு என் விதி ஒன்றுதான். இது உடைந்தால் யாராவது விழுவார்களா, யார் மேலாவது விழுமா? ஆம் என்றால் என் கை அதில் படாது. மாடிப்படிக் கைப்பிடி, பால்கனி கிரில், ஊஞ்சல், ஏணி, வாசல் கேட், தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டு, வண்டியின் எந்தப் பாகமும் அதில் அடக்கம். "நாங்கள் யூடியூப் பார்த்து நன்றாகத்தான் செய்கிறோம்" என்று சொல்கிற பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். இரண்டு துண்டை டி வடிவத்தில் ஒரு பக்கம் மட்டும் பற்றவைத்து, வைஸில் பிடித்து, வெல்டிங் விரியும் பக்கமாகச் சுத்தியலால் மடக்கி உடைத்துப் பாருங்கள். உடைந்த முகத்தைப் பார்த்த பிறகு பேசுவோம்.

தம்பி அந்த ஊஞ்சலைப் பிரித்து மறுபடி செய்தார். காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்து மதியம் ஒரு மணிக்கு முடித்தார். எவ்வளவு என்று கேட்டதற்கு, "உங்ககிட்டப் போயி வாங்குவேனா சார்" என்றார். கட்டாயப்படுத்திக் கொடுத்தேன். வீடு கட்டியபோது கிரில்லுக்குக் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லி அரை நாள் பேரம் பேசியவன் நான். ஆறு மாதம் ஷெட்டில் கண்ணெரிந்து, கை சுட்டு, முதுகு வலித்த பிறகு அந்தப் பேரம் எனக்கு வெட்கமாக இருக்கிறது. "நீயே செய்துகொண்டால் வெல்டர் வயிற்றில் அடிக்கிற மாதிரி இல்லையா?" என்று என் அண்ணன் கேட்டார். இல்லை என்பேன். யாரும் வராத சின்ன வேலையை நான் செய்கிறேன். பெரிய வேலைக்கு இப்போது பேரம் பேசாமல் கொடுக்கிறேன். எங்கே நல்ல வேலை, எங்கே பெயிண்ட் வேலை என்று பார்க்கவும் தெரிந்திருக்கிறது.

அன்றைக்கு டீ குடிக்கும்போது அவரிடம் கேட்டேன், "ஏம்ப்பா, நீ எங்கே கத்துக்கிட்ட?" எட்டாவதோடு நின்று ஒரு பட்டறையில் சேர்ந்தாராம். முதல் மூன்று வருஷம் கிளாஸ் கொடுக்கவில்லையாம். முகத்தைத் திருப்பிக்கொண்டு பற்றவைத்தாராம். எனக்கு ஒரு ராத்திரி வந்த வலி அந்தப் பையனுக்கு வாரம் ஒரு ராத்திரி வந்திருக்கிறது. அப்புறம் சிரித்துக்கொண்டே, "நீங்க கிளாஸ்ல சொல்வீங்களே சார், படிக்கலைன்னா பட்டறைக்குத்தான் போகணும்னு. போயிட்டேன்" என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் டீ இறங்கவில்லை.

சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை இல்லை, ஆண்டுதோறும் சொல்லியிருக்கிறேன். இதைப் படிக்கும் உங்களில் பாதிப்பேருக்கு ஞாபகம் இருக்கும். பட்டறையைத் தண்டனையாகத்தான் உங்களுக்குக் காட்டினேன். அங்கேயும் ஒரு படிப்பு இருக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. நம் புதூரிலேயே அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவு ஓராண்டுப் படிப்பு. திருச்சி பெல் வளாகத்தில் 1975 முதல் வெல்டிங்குக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிறுவனம் நடக்கிறது. எட்டாவதோடு நின்ற அந்தப் பையனின் வீட்டுக்குப் போய் இதில் ஒன்றையாவது எடுத்துச் சொல்லியிருந்தால், கிளாஸ் இல்லாத அந்த மூன்று வருஷம் அவருக்கு இருந்திருக்காது. எல்லோரும் பட்டறைக்குப் போங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அப்பன் தொழில் பிள்ளைக்கு என்று பிறப்பை வைத்துக் கட்டிப்போடுவதும் தப்பு, கைவேலையைத் தோற்றவனின் இடமாகக் காட்டுவதும் தப்பு. இரண்டாவது தப்பை நான் செய்தேன்.

என் மாணவர்களில் இருபது பேருக்கு மேல் இன்று ஆசிரியர்களாக இருக்கிறீர்கள். அந்த வாக்கியத்தை உங்கள் வகுப்பில் சொல்லாதீர்கள். மற்றவர்கள் உங்கள் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். வெல்டிங் மெஷின் வாங்குகிறவர்கள் நான் சொன்ன வரிசையில் வாங்குங்கள். உங்கள் வீட்டில் கிரில் போட வருகிறவரிடம் கறுப்புக் கண்ணாடி இல்லையென்றால், வேலையை ஆரம்பிக்கும் முன் நீங்களே ஒன்று வாங்கிக் கொடுங்கள். மொத்த வேலையின் கூலியில் அது பெரிய தொகை இல்லை.

பேத்தி போன மே மாதமும் வந்தாள். ஊஞ்சல் நன்றாக இருக்கிறது. அவள் ஆடும்போது நான் கொக்கியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், தெரியாததைத் தம்பியிடம் கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்,
கே.கே. நகர், மதுரை.